ஆங்கிலச் சொற்களின் நடுவே கோடு கிழித்தவர்கள்

போட்டித் தேர்வு நூல்களின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். குழப்பம் தரும் ஆங்கிலச் சொற்கள் இரண்டிரண்டாக அங்கே நிற்கும்: அஃபெக்ட், எஃபெக்ட், ஃபார்தர், ஃபர்தர், லெஸ், ஃபியூவர், டிஸ்இன்டரஸ்டட், அன்இன்டரஸ்டட். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே அளவு இடம். மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்த வேறுபாடுகள் அனைத்தும் சொற்களோடு கூடவே பிறந்தவை என்றுதான் தோன்றும்.

அவற்றின் வரலாற்றைப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. சில வேறுபாடுகள் மக்கள் நூற்றாண்டுக்கணக்கில் பேசிப் பேசித் தாமாக உண்டானவை. சில, யாரோ ஒருவர் தம் ரசனையை எழுதிவைக்க, பின்னால் வந்த இலக்கண ஆசிரியர்கள் அதைச் சட்டமாக்கியதால் வந்தவை. இன்னும் சில, மருத்துவமோ தீயணைப்போ நீதிமன்றமோ தன் வேலைக்குத் தேவைப்பட்டு வலிந்து வகுத்துக்கொண்டவை. முதல் வகையை மீறினால் பேச்சு செயற்கையாக ஒலிக்கும். இரண்டாம் வகையை மீறினால் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடாது. மூன்றாம் வகையில் தவறினால் ஆள் சாகலாம், தூக்குக்குப் போகலாம். இவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டுச் சொல்லித்தருவது மாணவருக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயமும், கவனம் வேண்டிய இடத்தில் அசட்டையும் அதனால் வந்து சேர்கின்றன.

ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் ஒரு மொழியில் உண்மையில் இருக்க முடியுமா என்ற கேள்வியை ஐரோப்பாவில் ஒரு புத்தகமாகவே எழுதியவர் பிரெஞ்சுப் பாதிரியார் கப்ரியேல் ஜிரார். 1718இல் வெளிவந்த அந்த நூல், முழுக்க ஒத்த சொற்கள் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு நுட்பம் உண்டு என்று வாதிட்டது. ஆங்கிலத்தில் 1766இல் ஜான் டிரஸ்லர் இதே பாணியில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் பெரும்பகுதி ஜிராரிடமிருந்து எடுத்தது. அதாவது, ஆங்கிலச் சொற்களுக்கு இடையிலான நுட்பங்கள் என்று அச்சேறிய முதல் வரிசை நூல் ஒன்றில், பிரெஞ்சுச் சொற்களின் நுட்பங்களும் கலந்தே வந்திருக்கின்றன.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் ஹெஸ்டர் பியோட்ஸி. அகராதி செய்த சாமுவேல் ஜான்சனுக்கு நெடுநாள் தோழி. முதல் கணவர் இறந்தபின் 1784இல் இத்தாலிய இசைக்கலைஞர் ஒருவரை மணந்து, லண்டன் மேட்டுக்குடியின் ஏச்சுக்கு ஆளானவர். 1794இல் அவர் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘பிரிட்டிஷ் சினானிமி’, அன்றாட உரையாடலில் எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதை, அயல்நாட்டார் பயன்பெறும் வகையில் விளக்கியது. ஆண்கள் சரியாக எழுதக் கற்றுத்தரட்டும், பேச்சில் சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு பெண் வழிகாட்டலாம் என்ற தொனியில் முன்னுரை எழுதினார். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் அவர் நிற்கவில்லை. விருந்திலும் வரவேற்பறையிலும் காதால் கேட்டதை வைத்தே தீர்ப்புச் சொன்னார். ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்கும் ஒருவருக்கு எது தேவை என்பது, வீட்டில் ஓர் இத்தாலியரோடு வாழ்ந்த அவருக்குத் தெரிந்திருந்தது.

1852இல் வந்த ரோஜே என்ற மருத்துவரின் தெசாரஸ் இதற்கு நேரெதிர். பொருள் நெருங்கிய சொற்களைக் கூட்டம் கூட்டமாக அடுக்கித் தந்தார். அவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று விளக்குவது தம் வேலையல்ல என்று வெளிப்படையாகவே விலகிக்கொண்டார். மொழி தெரிந்தவருக்கு அது அருமையான கருவி. மொழி கற்பவர் அதிலிருந்து ஒரு சொல்லைப் பறித்துக் கட்டுரையில் செருகும்போதுதான் விபரீதம்.

பேச்சில் தாமாக உண்டாகும் பிரிவுகளுக்கு ஒரு பொது விதி சொன்னவர் மிஷேல் பிரெயால். சொற்பொருளியல் என்ற துறைக்கே பெயர் தந்த அவருடைய 1897ஆம் ஆண்டு நூல், ஒரே பொருளோடு இரண்டு சொற்கள் ஒரு மொழிக்குள் வந்து சேர்ந்தால் மக்கள் அவற்றை நீண்ட நாள் அப்படியே வைத்திருப்பதில்லை, வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் என்கிறது. ஆங்கிலத்துக்கு இந்த நிலை வேறு பல மொழிகளைவிட அதிகமாக வாய்த்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். பிரெஞ்சு ஆட்சிமொழியாயிற்று. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன் சொற்கள் நேரடியாகக் குவிந்தன. அதனால்தான் ‘ஆஸ்க்’ என்ற பழைய சொல்லுக்குப் பக்கத்தில் ‘கொஸ்சன்’ என்ற பிரெஞ்சு வழிச் சொல்லும் ‘இன்ட்டரகேட்’ என்ற லத்தீன் சொல்லும் நிற்கின்றன. மூன்றும் கேட்பதுதான். ஆனால் வழி கேட்பவர் முதலாவதைச் செய்கிறார், சந்தேகப்படுபவர் இரண்டாவதை, போலீஸ்காரர் மூன்றாவதை.

இந்தப் பங்கீடு எல்லோரும் சொல்வதுபோல ஒரே நாளில் நடந்ததல்ல. தொழுவத்தில் நிற்கும் மாடு ‘கௌ’, தட்டில் வந்தால் ‘பீஃப்’. மேய்த்தவன் சாக்சன், தின்றவன் நார்மன், அதனால் இரண்டு பெயர் என்ற விளக்கத்தை வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவல் உலகெங்கும் பரப்பியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நார்மன் படையெடுப்புக்கு ஐந்து நூற்றாண்டுக்குப் பின் வந்த 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில், உயிரோடு நிற்கும் மாடுகளையே ‘பீஃப்’ என்பதன் பன்மையால் குறிக்கிறார்கள். இன்று கல்லில் வெட்டியதுபோலத் தெரியும் பிரிவு, ஷேக்ஸ்பியர் காலத்திலும் முழுமையாகக் காயவில்லை.

இனி இரண்டாம் வகை. இதில் லெஸ், ஃபியூவர் இரட்டையை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ண முடிந்தால் ஃபியூவர், எண்ண முடியாவிட்டால் லெஸ் என்பது பாடநூல் விதி. தண்ணீர் லெஸ், குடங்கள் ஃபியூவர். இந்த விதியை மீறுபவரைப் படிக்காதவர் என்று ஏளனம் செய்யும் பழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் இருக்கிறது. ஆனால் எண்ணக்கூடிய பொருளுக்கு ‘லெஸ்’ போட்டவர்களில் முதன்மையானவர் ஆல்ஃபிரட் மன்னர். சுமார் 888ஆம் ஆண்டில், லத்தீனிலிருந்து தாம் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றில் அப்படி எழுதியிருக்கிறார். அது பிழையுமல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘லெஸ்’ ஒரு பெயர்ச்சொல்லாக நின்று, அடுத்த சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மை உருபு ஏற்கும். ‘சொற்களில் குறைவானது’ என்பதுபோன்ற அமைப்பு. காலப்போக்கில் ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை உதிர்த்தது. உருபு போனபின் ‘லெஸ்’ மட்டும் பன்மைப் பெயருக்கு முன்னால் நேராக ஒட்டிக்கொண்டது. இன்று பிழை எனப்படுவது, ஆயிரத்து நூறு ஆண்டுப் பரம்பரைச் சொத்து.

விதி எங்கிருந்து வந்தது? 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழியைப் பற்றிய தம் கருத்துகளைத் தொகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘நூறுக்குக் குறையாத’ என்று சொல்லும் இடத்தில் லெஸ் போடுவதைவிட ஃபியூவர் போடுவது தமக்கு நேர்த்தியாகவும் இன்னும் சரியாகவும் படுகிறது என்று அதில் எழுதினார். தமக்குப் படுகிறது என்றுதான் சொன்னார். பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் அந்தத் ‘தமக்கு’ என்பதைக் கழற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடம் அதைப் பிடித்துக்கொண்டது.

சரி, விதி பிறந்த கதை எப்படியிருந்தாலும் அதனால் பொருள் தெளிவு பெறுகிறதா என்று பார்க்கலாமே என்றால், இவற்றின் எதிர்ச்சொல்லான ‘மோர்’ நம்மைக் கைவிடுகிறது. ‘மோர்’ தண்ணீருக்கும் வரும், குடங்களுக்கும் வரும். எவரும் ஒருபோதும் குழம்பியதில்லை. மிகுதியைச் சொல்ல ஒரு சொல் போதும், குறைவைச் சொல்ல மட்டும் இரண்டு வேண்டும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. விதியைக் கடைப்பிடிப்பவர்களே ‘பத்து மைலுக்கும் குறைவு’, ‘ஐம்பது பவுண்டுக்கும் குறைவு’ என்னும்போது லெஸ்தான் போடுகிறார்கள். மைலும் பவுண்டும் எண்ணக்கூடியவைதாம். இருந்தும் 2008இல் பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம், தன் கடைகளின் விரைவு வரிசையில் தொங்கிய ‘பத்துப் பொருள் அல்லது லெஸ்’ என்ற பலகையை மாற்ற வேண்டியதாயிற்று. லெஸ்ஸும் வேண்டாம், ஃபியூவரும் வேண்டாம் என்று ‘பத்துப் பொருள் வரை’ என எழுதிக்கொண்டார்கள். பழைய பலகையைப் படித்துவிட்டு எத்தனை பொருள் கொண்டுபோகலாம் என்று தெரியாமல் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

நம் ஊர் மாணவர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாயெடுக்கும்போது இந்த இரண்டில் எது என்று தயங்கி, சொல்ல வந்ததையே விழுங்கிவிடுகிறார் என்றால், அந்தத் தயக்கம் யாருக்கும் எந்த நன்மையும் செய்யவில்லை. தேர்வு கேட்பதால் விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதற்கு மரியாதை தர வேண்டியதில்லை.

டிஸ்இன்டரஸ்டட், அன்இன்டரஸ்டட் விஷயத்தில் என் தீர்ப்பு வேறு. முன்னது தன்னலத் தொடர்பற்றவர், பின்னது ஆர்வமற்றவர் என்கிறது பாடநூல். 17ஆம் நூற்றாண்டில் இவை ஏறக்குறைய தலைகீழாக இருந்தன. கவிஞர் ஜான் டன் ‘டிஸ்இன்டரஸ்டட்’ என்பதை ஆர்வமற்ற என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ‘அன்இன்டரஸ்டட்’ முதலில் நடுநிலையாளரைக் குறித்தது. இன்றைய கோடு பிற்காலத்தில் உறுதியானது. ஆனாலும் இதைக் காப்பாற்ற வேண்டும் என்பேன். வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கு அதன் முடிவால் ஆதாயம் எதுவும் இருக்கக்கூடாது. அதே சமயம் அவர் வழக்கில் மிகுந்த கவனம் உள்ளவராக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் எதிர்பார்க்கும் சமூகத்துக்கு இரண்டு சொற்களும் தேவை. இந்திய நீதிமன்றங்கள் இந்த இழையை இன்னும் நுட்பமாக நூற்றிருக்கின்றன. 1953இல் தலீப் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ், கொலையுண்டவரின் உறவினர் என்பதாலேயே ஒரு சாட்சி சார்புடையவர் ஆகிவிடமாட்டார் என்றார். உண்மையான குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவரை மாட்டிவிட நெருங்கிய உறவினர் சாதாரணமாக விரும்பமாட்டார் என்பது அவர் கண்ட நியாயம். உறவும் சார்பும் ஒன்றல்ல என்ற அந்தப் பிரிப்பினால், வீட்டுக்குள் நடக்கும் கொலைகளில் வீட்டாரின் சாட்சியம் தானாகத் தள்ளுபடியாகாமல் காப்பாற்றப்பட்டது.

தொழில்கள் வகுத்த கோடுகளில் தீ சம்பந்தப்பட்டது ஒன்று. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதற்கு ஆங்கிலத்தின் பழைய சொல் ‘இன்ஃபிளேமபிள்’. அதிலுள்ள ‘இன்’, லத்தீனில் உள்ளே, மேலே என்ற பொருள் தருவது, எதிர்மறை அல்ல. ஆனால் ஆங்கிலத்தில் வேறு பல சொற்களில் ‘இன்’ எதிர்மறையாக வருகிறது. லாரியின் பின்னால் இந்தச் சொல்லைப் படிப்பவர், தீப்பற்றாது என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், ‘ஃபிளேமபிள்’ என்ற குட்டையான வடிவத்தையே எச்சரிக்கைகளில் எழுதும்படி வற்புறுத்தத் தொடங்கியது. பட்டியல்களில் இரண்டும் எதிர்ச்சொற்களைப்போலத் தோற்றம் காட்டும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்பதுதான் அங்கே தெரிந்துகொள்ள வேண்டியது.

மருத்துவப் புள்ளிவிவரத்தில் ‘இன்சிடன்ஸ்’, ‘பிரிவலன்ஸ்’ என்று இரண்டு உண்டு. செய்தித்தாள்கள் இரண்டையும் பாதிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகின்றன. முதலாவது, ஒரு குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய் கண்டவர்களின் அளவு. இரண்டாவது, ஒரு நேரத்தில் நோயோடு இருக்கும் அத்தனை பேரின் அளவு. கிணற்றில் ஊறும் நீரும் கிணற்றில் கிடக்கும் நீரும்போல. ஒரு மருந்து நோயைக் குணப்படுத்தாமல், நோயாளியைச் சாகவிடாமல் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும்? புதுத் தொற்று குறைந்துகொண்டே வந்தாலும், நோயோடு வாழ்பவர் தொகை கூடும். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின் பல நாடுகளில் நடந்தது இதுதான். இந்த வேறுபாடு தெரியாதவர் அந்தக் கூடுதலைப் பார்த்து, சிகிச்சை தோற்றது என்பார். உண்மையில் அந்த எண், பிழைத்திருக்கிற மனிதர்கள்.

சட்டத்துக்கு வருவோம். மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு தயாராகி, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், மனிதரைச் சாகடிக்கும் குற்றத்தை இரண்டாகப் பிரித்தது. 299ஆம் பிரிவு ‘கல்பபிள் ஹோமிசைட்’, அதாவது குற்றமாகும்படி மரணம் விளைவித்தல். 300ஆம் பிரிவு கொலை. கொலை என்றால் தூக்கு அல்லது ஆயுள். கொலை ஆகாத மற்றதற்குத் தண்டனை குறையும். உடலில் காயம் உண்டாக்கும் நோக்கத்தைப் பற்றி இரண்டு பிரிவுகளும் பேசும் இடத்தில், கோடு இரண்டே சொற்களில் நிற்கிறது. அந்தக் காயம் மரணம் விளைவிக்க ‘லைக்லி’ என்றால் முதல் குற்றம். இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்க ‘சஃபிஷியன்ட்’ என்றால் கொலை. அகராதியில் பார்த்தால் ஒன்று ‘நேரக்கூடிய’, மற்றது ‘போதுமான’. ஓர் உயிர் போன பிறகு இவற்றை எப்படி அளப்பது?

1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சதாராவைச் சேர்ந்த கோவிந்தா என்ற பதினெட்டு வயது இளைஞன் தன் பதினைந்து வயது மனைவியைக் கீழே தள்ளி, ஒரு முழங்காலை அவள் மார்பில் ஊன்றி, முகத்தில் முஷ்டியால் இரண்டு மூன்று முறை பலமாகக் குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்தாள். அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் கருத்து வேறுபட, வழக்கு மூன்றாமவரான மெல்விலிடம் சென்றது. அவர் இரண்டு பிரிவுகளின் வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் சொற்களைத் தனித்துக் காட்டினார். நிகழ்தகவின் அளவுதான் வேறுபாடு என்றார். வெறும் கையால் முகத்தில் குத்துவது மரணம் விளைவிக்கக்கூடியதுதான். ஆனால் சாதாரணப் போக்கில் மரணத்துக்குப் போதுமானது என்று சொல்ல முடியாது. கொலைத் தீர்ப்பு மாறியது. கோவிந்தாவுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது. பதினைந்து வயதுப் பெண்ணின் சாவுக்கு அது போதுமா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் இரண்டு சொற்களை ஒன்றாகப் பாவித்திருந்தால் அந்தக் கேள்வியையே எழுப்ப இடமிருந்திருக்காது. அவன் தூக்கில் தொங்கியிருப்பான்.

மெல்வில் இழுத்த கோட்டை உச்ச நீதிமன்றம் பின்னர் கூர்மையாக்கியது. 1958இல் விர்சா சிங் வழக்கு. ஒரே ஈட்டிக் குத்து, வயிற்றில். குடல் வெளியே சரிந்தது. சாகடிக்கும் எண்ணம் இல்லை என்பது வாதம். அதே விவியன் போஸ் இதை ஏற்கவில்லை. உடலில் காணப்படும் அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அது மரணத்துக்குப் போதுமான காயமா என்பதை மருத்துவச் சான்றிலிருந்து நீதிமன்றம் தீர்மானிக்கும், குத்தியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றார். 1976இல் ஆந்திரத்தைச் சேர்ந்த புன்னய்யா வழக்கில், ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரைப் பேருந்திலிருந்து இழுத்துப் போட்டுக் கை கால்களில் பத்தொன்பது காயம்பட அடித்திருந்தார்கள். உயிர்நிலைகளில் அடி இல்லை என்பதால் உயர் நீதிமன்றம் குற்றத்தைக் குறைத்தது. நீதிபதி சர்க்காரியா, ‘லைக்லி’ என்றால் வெறும் சாத்தியம் அல்ல, நிகழக்கூடிய அளவு, ‘சஃபிஷியன்ட்’ என்றால் மிக மிக நிகழக்கூடிய அளவு என்று தரம் பிரித்து, கொலைத் தீர்ப்பை மீட்டார்.

இன்னொரு மூவர் கூட்டமும் இங்கே உண்டு: மோட்டிவ், இன்டென்ஷன், நாலெட்ஜ். பேச்சில் முதல் இரண்டையும் எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். 1956இல் பாஸ்தேவ் வழக்கில் இவற்றைப் பிரித்து எழுதியவர் நீதிபதி என். சந்திரசேகர ஐயர், சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். கல்யாண வீட்டுப் பந்தியில், குடித்திருந்த முன்னாள் ராணுவ ஜமேதார் ஒருவர், தான் உட்கார இடம் விட்டு நகரும்படி ஒரு சிறுவனிடம் சொன்னார். அவன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார். ஓர் எண்ணத்தை உருவாக்கும்படி மனிதனைத் தூண்டுவது மோட்டிவ். செயலால் என்ன விளையும் என்ற உணர்வு நாலெட்ஜ். விளைவை நோக்கிச் செலுத்தப்படும் மனம் இன்டென்ஷன் என்ற அளவில் தீர்ப்பு அவற்றைப் பிரித்தது. குடித்தவருக்கும் நாலெட்ஜ் இருந்ததாகச் சட்டம் கொள்ளும். இன்டென்ஷன் இருந்ததா என்பதை அவர் எந்த அளவு போதையில் இருந்தார் என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். ஜமேதார் தள்ளாடினாலும் தானாக நடந்தார், பேசினார், ஓட முயன்றார். கொலைக்கான தண்டனை உறுதியானது. இடம் விடவில்லை என்ற அற்ப மோட்டிவ் அவரைக் காப்பாற்றவில்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 299 இப்போது 100, 300 இப்போது 101. கொலையாகாத குற்றத்தைத் தண்டிக்கும் 304, 105 ஆகி, அதன் கடுமையான பாதிக்கு ஐந்தாண்டு என்ற குறைந்தபட்சத் தண்டனையும் சேர்ந்துவிட்டது. 1860இன் எண்கள் எல்லாம் போய்விட்டன. ‘லைக்லி’, ‘சஃபிஷியன்ட்’ இரண்டிலும் எவரும் கைவைக்கவில்லை. கோவிந்தா வழக்கில் மெல்வில் எழுதியது, புதிய எண்களின் கீழும் அமர்வு நீதிமன்றங்களில் மேற்கோளாக நின்றுகொண்டுதான் இருக்கும்.